கள்ளன் தௌபா செய்த கதை

என் கடைசி மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது, அவள் மூன்று வருடம் பாடசாலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. வருடத்தின் மூன்று தவணைகளில் இரண்டாவது முடிகிற வாரத்தில் தலைமை ஆசிரியை ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார். ஏதோ பரிசு கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பெருநாளுக்கு எடுத்த சேலையை உடுத்திக்கொண்டு போனேன். அந்தச் சேலையை அதன் பிறகு நான் கையால் தொடவில்லை.

பரிசு என்று நினைத்ததற்குக் காரணம் இருந்தது. உக்குவளையில் எங்கள் வீட்டுக் குசினிக்கும் முன் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். பின்னேரங்களில் மகள் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சொல்லில்கூடத் தடக்க மாட்டாள். அவளுக்கு மூத்த மூன்று பிள்ளைகளும் திக்கித் திணறி, எழுத்தோடு சண்டை பிடித்துத்தான் வாசிக்கப் பழகினார்கள். இவள் ஒருநாளும் திக்கியதில்லை. நாற்பதை நெருங்கும்போது பிறந்த பிள்ளை என்பதால் அவள் செய்வதெல்லாம் எனக்குக் கெட்டித்தனமாகவே தெரிந்தது. வெங்காயம் அரிந்துகொண்டே ரசித்தேனே தவிர, ஒருநாளாவது கையைக் கழுவிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

தலைமை ஆசிரியை யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மகளை மேசைக்கு முன்னால் நிறுத்தி, தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தைத் திறந்து கொடுத்து வாசிக்கச் சொன்னார். மகள் வாசித்தாள். குளத்தில் மீன் துள்ளியது, கொக்கு பார்த்தது என்று மடமடவென ஓடியது பாடம். பாதியில் ஆசிரியை புத்தகத்தை இழுத்து மூடினார். மகள் நிறுத்தவில்லை. மூடிய அட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, மிச்சப் பாடத்தையும் கடைசி வரி வரை வாசித்து முடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியளோ?" என்றார் ஆசிரியை. "புத்தகம் மூடிக் கிடக்குது, பிள்ளை வாசிக்குது."

பிறகு அவள் பார்த்திராத வேறொரு புத்தகத்தைத் திறந்து வைத்தார். மகள் அதன் மேல் விரலை வைத்தபடி மரமாக நின்றாள். ஆசிரியை இரண்டு புத்தகத்தையும் மூடி வைத்தார்.

"மூண்டாம் தவணை முடிவில நானே வாசிக்க வைச்சுப் பாப்பன். வாசிச்சா நாலாம் வகுப்பு. இல்லையெண்டா ரெண்டாம் வகுப்பிலதான் கொண்டுபோய் இருத்துவன். கோவிக்காதேங்கோ. வேற வழி இல்லை."

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பாடசாலையில் சேர்ந்த வருடம் அவளுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் பாயில் கிடந்தாள். முதலாம் வகுப்பை அவள் ஏறக்குறைய பார்க்கவேயில்லை. அந்தக் காய்ச்சல் தலைக்குள் ஏதாவது செய்துவிட்டதா என்ற நினைப்பு வீட்டுக்கு வரும் வழியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

கணவரிடம் மற்றதை மட்டும் சொன்னேன். அவருக்கு மாத்தளை டவுனில் பலசரக்குக் கடை. காலையில் போனால் இரவு இஷா தொழுகைக்குத்தான் வருவார். அவர் பதில் சொல்வதற்கு முன் அவருடைய அக்கா பதில் சொன்னார். தன் கணவர் மௌத்தாகித் தனித்துப்போன பிறகு எங்களோடு இருப்பவர் அவர். எனக்கு மதினி, பிள்ளைகளுக்கு மாமி.

"ஒம்பது வயசுப் பொம்புளப் புள்ளய சின்னஞ்சிறுசுகளோட ரெண்டாம் வகுப்புல இருத்தி ஊருக்கு வேடிக்க காட்டவா? இன்னம் ரெண்டு மூணு வருஷம் போனா எப்பிடியும் ஊட்டுல வைக்கத்தானே போறோம். இப்பவே நிப்பாட்டுங்க."

கணவர் கடைசிப் பிடிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டார். "வாசிச்சா போகட்டும். வாசிக்காட்டி நிக்கட்டும்" என்றார். நியாயமான தீர்ப்புச் சொன்ன திருப்தியோடு கை கழுவப் போய்விட்டார்.

என் வயதுடைய மச்சிமார் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. எங்கள் வாப்பா ஊர்ப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அனுப்பியதால் நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தேன். வந்த கடிதத்தை நானே பிரித்து வாசிக்கிற, மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்கிற வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. என் மகளுக்கு அது கிடைக்குமா இல்லையா என்பது இனி ஒரு தவணைக்குள் முடிவாக வேண்டும்.

மறுநாளே முதலாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தேன். அப்போதுதான் சிக்கலின் ஆழம் தெரிந்தது. நான் ஒரு வரியை ஒருமுறை வாசித்தால் போதும், அவளுக்கு அது பாடமாகிவிடும். பிறகு அந்த வரியை அவள் பார்க்கவே மாட்டாள். விரல் புத்தகத்தில் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும், வாய் பிழையில்லாமல் ஓடும். நான் எவ்வளவு சொல்லிக்கொடுத்தேனோ அவ்வளவு கெடுத்தேன்.

இரண்டு வாரம் இப்படிப் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்குச் சாமான் சுற்றப் பழைய கடதாசி கட்டுக்கட்டாக வரும். அதைப் பிரித்து, அளவாகக் கிழித்து அடுக்குவது வீட்டில் எனக்கும் மதினிக்கும் உள்ள வேலை. கிழிப்பதற்கு முன் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அரபு எழுத்துள்ள தாள் ஏதும் வந்திருந்தால் அதில் மிளகாய் சுற்ற விடமாட்டோம், தனியாக எடுத்து வைப்போம். அப்படிப் புரட்டும்போது ஒரு கட்டில் மெல்லிய படக்கதைப் புத்தகம் ஒன்று வந்தது. இந்தியாவில் அச்சடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து புத்தகங்கள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. அட்டை இல்லை. உள்ளே பக்கங்கள் முழுதாக இருந்தன.

படக்கதை என்றால் எனக்கு அப்போது இளக்காரம்தான். பஸ்ஸில் பெரிய ஆட்கள்கூட சிங்களப் படக்கதைப் பத்திரிகைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தலைமை ஆசிரியையின் மேசை லாச்சியை இழுத்தால் முழுக்க, பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் பறித்த அந்தப் பத்திரிகைகள்தான். கிழிக்கப் போன என் கையிலிருந்து மகள் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். திட்டிப் பறிக்க எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை.

அரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"உம்மா, நல்ல கதையொண்டு. சொல்லவா?"

"சொல்லு."

"ஒரு கள்ளன் மறியல்ல, கம்பிக்குள்ள ஈக்கிறான். பொலிஸ்காரங்க அவன வெளிய உடுறாங்க. காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் கைவிலங்க கழட்டுறாங்க. அவன் ஆத்துக்குள்ள விழுந்து குளிச்சி, தண்ணியில இருந்து பாஞ்சி குதிர மேல ஏறுறான். அவன்ட கிட்ட ஒரு பொட்டி நிறைய நகை. அத ஒரு ஊட்டுக்கு கொண்டு போய், ஒருத்தருக்கும் தெரியாம அலுமாரியில வச்சி பூட்டிட்டு, ஜன்னலால பாஞ்சி போறான். ஊட்டுக்காரங்க நல்லா தூங்குறாங்க. பொறகு அவன் ஊருக்குள்ள போய் எல்லாரோடயும் சிரிச்சி கதைச்சிக்கொண்டு ஈக்கிறான். தௌபா செஞ்சிட்டான் உம்மா!"

செய்த பாவத்துக்கு வருந்தி அல்லாஹ்விடம் மீள்வதைத்தான் தௌபா என்போம். மதினி கிழித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"மாஷா அல்லாஹ்! இப்பிடிப் புத்தகமும் ஈக்கிதா? நான் சும்மா ஆட்டமும் பாட்டமும்தான் போடுவாங்க எண்டு நெனச்ச."

எனக்குக் கதை எங்கேயோ இடித்தது. புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஊருக்குள் நல்லவன் போல நடிப்பவன் ஜன்னலால் புகுந்து நகைப் பெட்டியைத் திருடுகிறான், குதிரையில் தப்புகிறான், ஆற்றில் விழுகிறான், பிடிபடுகிறான், சிறைக்குப் போகிறான். சாதாரணக் கள்ளன் கதை. தௌபாவும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளைக்குப் படம்கூடத் தலைகீழாகத்தான் விளங்குகிறது, காய்ச்சல் செய்த வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"எப்பிடிப் பாத்தாய் மகள்? எனக்கிட்ட காட்டு."

பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் இது. அன்றைக்குத்தான் அவளும் நானும் ஒரு புத்தகத்தை ஒரே நேரத்தில் பார்த்தோம். தொடங்குமுன் அவள் பிஸ்மி சொன்னாள். புத்தகத்தைக் கவிழ்த்தாள். நாம் கடைசிப் பக்கம் என்று சொல்கிற பக்கத்தைத் திறந்து, வலது பக்கத்து மேல் படத்தில் விரலை வைத்து, இடது பக்கமாக இழுத்தாள்.

குர்ஆன் ஓதுகிற பிள்ளையின் விரல் அது.

நாலு வயதிலேயே அவளை ஓதும் பள்ளிக்கு அனுப்பியிருந்தேன். அங்கே அவளைப் பற்றி ஒரு குறை இல்லை. அரபு எழுத்தை வலமிருந்து இடமாக எழுத்தெழுத்தாகக் கூட்டி, சுத்தமாக ஓதுகிறாள் என்று அங்கே ஓதிக்கொடுக்கிற லெப்பை என் கணவரிடம் கடைக்கே வந்து சொல்லியிருக்கிறார். பிறகுதான் பாடசாலை, உடனே காய்ச்சல். இந்தப் புத்தகத்துக்குத் தொடக்கம் இந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் அவள் இருக்கவில்லை. சுகமாகி எழும்பிப் போனபோது வகுப்பே கூட்டமாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தது. வாங்குப் பலகையின் மூலையில் உட்கார்ந்து அவளும் சேர்ந்து சொன்னாள். கரும்பலகையில் இருப்பதைப் படம் கீறுவது போலக் கொப்பியில் கீறினாள். எந்த முனையிலிருந்து கீறத் தொடங்கினாள் என்று நெருக்கியடித்த அந்த வகுப்பில் யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? வீட்டில் இருந்த நானே பார்க்கவில்லை.

"தமிழ்ப் புத்தகத்தையும் இப்பிடியா வாசிப்பாய்?"

"ஓ. ஆனா தமிழ்ல ஒண்டும் இல்ல உம்மா."

"ஒண்டும் இல்லையெண்டா?"

"எழுத்தக் கூட்டினா சொல்லு வராது. நான் எத்தின தரம் கூட்டிப் பாத்த. அது சும்மா அடையாளத்துக்குத்தானே எழுதியீக்கிது. டீச்சர் சொல்றத பாடமாக்கணும்."

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வெட்கமோ பயமோ இல்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எனக்குச் சொல்லிவைக்கிறாள். நான் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் அழுகையாகப் போனது. மதினி பயந்துபோய், "என்ன புள்ள, என்ன நடந்த?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் தாடையில் கையை வைத்துக்கொண்டார். "அப்ப புள்ள சரியாத்தானே செஞ்சீக்கிது. தமிழத்தான் பொரட்டி எழுதியீக்கிறாங்க."

அன்று மத்தியானம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிள்ளைக்குத் தலையில் ஒன்றும் இல்லை. அது போதும் என்று இருந்தது. மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் அவ்வளவு இலேசாக இருக்கவில்லை. இடது பக்கமிருந்து பார்க்கச் சொன்னதும் அவள் முதலில் செய்தது கோபித்துக்கொண்டதுதான். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கள்ளன் கெட்டவனாகிவிடுகிறான். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"பொய். அவன் நல்லவன். நகைய கொண்டு போய் குடுத்தான்."

"இல்ல மகள், எடுக்கிறான்."

"நீங்க எப்பிடி சொல்ற? அவன்ட வாய்க்கு மேல முட்டைக்குள்ள என்னமோ எழுதியீக்கிதே, அத வாசிங்க. அவன் என்ன சொல்றான் எண்டு பாப்போம்."

வாசிக்க வாய் எடுத்தேன். சட்டென்று மூடிக்கொண்டேன். நான் வாசித்தால் அந்த முட்டையும் பாடமாகிவிடும், அதோடு முடிந்தது.

"எனக்கு ஏலாது. அவன்ட கிட்ட நீயே கேளு."

அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்ல முடியாது. தனி எழுத்துகள் அவளுக்குத் தெரிந்தே இருந்தன, வகுப்புச் சுவரில் தொங்குகிற அட்டையிலிருந்து பிடித்தவை. கூட்டும் திசைதான் தெரியாமல் இருந்தது. விரல் பழக்கத்தில் வலது பக்கத்திலிருந்தே தொடங்கும். மதினிதான் அதற்கு வழி சொன்னார். தோட்டத்தில் மருதோன்றி பறித்து அரைத்து, இடது கை விரல்களுக்கு மட்டும் வைத்துவிட்டார். "செவப்புக் கைப் பக்கத்துல இருந்து தமிழ். வெள்ளக் கைப் பக்கத்துல இருந்து ஓதுற. ரெண்டையும் கலக்காத."

அவள் முதன்முதலில் வாசித்த சொல் "ஐயோ". கள்ளன் குதிரையிலிருந்து ஆற்றில் விழுகிற படத்தில் பெரிதாக எழுதியிருந்தது. திறந்த வாயைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், உதட்டுக்குள் முனகினாள், பிறகு "ஐயோ!" என்று கத்தினாள். நானும் மதினியும் ஏதோ சுட்டுவிட்டது என்று எழும்பி ஓடினோம்.

"முட்டைக்குள்ள ஐயோ எண்டு ஈக்கிது!"

"வாசிச்ச மொத சொல்லே ஐயோவா?" என்றார் மதினி. "வேற நல்ல சொல்லு ஒண்டும் ஆப்புடல்லியா?"

மதினிக்குப் படங்களோடு வேறு ஒரு வழக்கு இருந்தது. உயிருள்ளவற்றின் உருவம் தொழுகிற வீட்டில் இருக்கக் கூடாது என்பார். கழுத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டால் அது உயிர் உள்ள உருவமாகாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். தௌபா செய்தவன் என்று நம்பிய வரை கள்ளனை விட்டுவைத்தார். அவன் கெட்டவன் என்று தெரிந்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமி, குதிரைக்குமா?"

"குதிரைக்கும் உயிரு ஈக்கிதானே."

ஆனால் பக்கம் பக்கமாகக் கோடு கிழிப்பதென்றால் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். பார்த்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கும். மதினிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர் படத்தைப் பார்த்து ஊகிப்பார், மகள் முட்டையைக் கூட்டிப் பார்த்து மறுப்பாள். ஒரு பின்னேரம் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இருவரும் ஒரு படத்தின் மேல் குனிந்திருந்தார்கள். காட்டுக் குடிசையில் கள்ளன் ஒரு கிழவியின் முன் பெரிய கத்தியை ஓங்கிக்கொண்டு நிற்கிற படம்.

"அல்லாவே, கெழவிய குத்தப் போறான்" என்றார் மதினி.

மகள் முட்டையில் விரலை வைத்தாள். சிவந்த விரல் மெதுவாக நகர்ந்தது. "ப... பலா... பலாக்காய்... நா... நானே... வெ... வெட்..." பிறகு நிமிர்ந்தாள். "இல்ல மாமி! பலாக்காய நானே வெட்டித் தாறன் எண்டு சொல்றான். பசி போல."

சுளகை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். "பலாக்காயை நானே வெட்டித் தருகிறேன், பாட்டி" என்றுதான் இருந்தது. அந்த வரியை அந்த வீட்டில் அதுவரை யாரும் வாய்விட்டு வாசித்ததில்லை. படத்தைப் பார்த்து ஊகித்திருந்தால் மதினி சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருப்பாள். எழுத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் அவளுக்கு அந்தப் பலாக்காய் வந்திருக்க முடியாது. நான் திரும்பிப் போய்ச் சுளகை எடுத்தேன். புடைத்ததில் பாதி அரிசி கீழே போனது.

அதன் பிறகு கடதாசிக் கட்டு வந்தால் பிரிப்பது அவள்தான். முழுப் புத்தகம் பிறகு கிடைக்கவில்லை. தனித் தாள்கள், பாதிக் கதைகள், தலையில்லாத கதைகள். முன்னால் என்ன நடந்திருக்கும், பின்னால் என்ன நடக்கும் என்று மாமிக்கும் அவளுக்கும் ஒரே வாக்குவாதம். என் கணவர், "சாமான் சுத்துறதுக்கு ஒரு தாளாவது மிச்சம் வைப்பீங்களா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய தீர்ப்பு அப்படியே இருந்தது.

மூன்றாம் தவணை முடிந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் மகளும் நானும் ஒரே குடையில் போய், ஈரக் காலோடு தலைமை ஆசிரியையின் முன் நின்றோம். அவர் பாடப்புத்தகத்தைத் தொடவில்லை. மேசையில் கிடந்த அன்றைய பத்திரிகையை விரித்து, ஒரு சிறிய செய்தியில் பென்சிலை வைத்தார். படம் இல்லை. முட்டை இல்லை. வெறும் பொடி எழுத்து. படம் இல்லாமல் இவள் வாசித்து நான் பார்த்ததில்லை.

"ல... லக்... லக்கல" என்றாள் மகள். "லக்கல பக்... பகுதியில் கடும்... கடும் மழை... பெய்வ... பெய்வதால்..."

அடுத்த சொல்லில் நின்றாள். பிழையாகச் சொன்னாள். தானே தலையை ஆட்டிக்கொண்டு திரும்பக் கூட்டினாள். ஓடை பெருகியதால் பஸ் போகவில்லை என்பதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஒரு யுகம் ஆனது. ஒவ்வொரு சொல்லிலும் திக்கினாள். அவள் திக்கத் திக்க எனக்கு மூச்சு வந்தது. மூன்று வருடம் பலகைச் சுவருக்கு அப்பால் நின்று நான் ரசித்த அந்தத் தடங்கலில்லாத வாசிப்பில் இது இருக்கவில்லை. எழுத்தைப் பார்க்கிறவர்களுக்குத்தான் எழுத்து தடக்கும்.

"காணும் பிள்ளை, நிப்பாட்டு" என்றார் ஆசிரியை.

மகள் பத்திரிகையை விடவில்லை. "பொறுங்க டீச்சர். அந்தப் பக்கம் நிண்ட ஆக்கள் என்ன செஞ்சாங்க எண்டு இன்னம் வரல்ல."

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என்ன மாதிரிப் பழக்கினீங்கள்?" என்றார். எனக்கு, பறித்த படக்கதைகள் நிறைந்த அந்த லாச்சி ஞாபகம் வந்தது. பொய் சொல்லவும் வராமல், "படக்கதைதான் டீச்சர்" என்று மெல்லச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலாம் வகுப்பில விடுறன். ஆனா இதை மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

அன்று கணவர் வந்ததும் நான் சொல்வதற்கு முன் மதினி சொல்லிவிட்டார். பாடசாலையை நிறுத்தச் சொன்னது தான்தான் என்பதை அவர் முற்றாக மறந்துபோயிருந்தார். கணவர் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப போகட்டும்" என்றார்.

இப்போது அவள் நாலாம் வகுப்பில் இருக்கிறாள். எனக்கு நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கடதாசி கிழிக்கும்போது, தொழுதுவிட்டு எழும்பும்போது, எழுத்தைப் பார்க்காமலே போன ஒரு பிள்ளையாக இவள் இருந்திருப்பாளே என்று திடீரென்று தோன்றும். பலகைச் சுவருக்கு அப்பால் நின்று கேட்பதை விட்டுவிட்டேன். பின்னேரங்களில் அடுப்பை மட்டாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்காருகிறேன். அவள் சரளமாக ஓடினால் எனக்குப் பயம், புத்தகத்தை எட்டிப் பார்ப்பேன். நேற்று ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் திக்கினாள். அல்ஹம்துலில்லாஹ் என்று அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு உலையைப் பார்க்கப் போனேன்.